கல்லைக் குளிப்பாட்டும் தண்ணீர்

கரடிப்பாறை மடத்தில் இப்போது சாமியார் கிடையாது. அவர் சமாதியாகிப் பல காலம் ஆகிறது. இருப்பது ஒரு பெண். ஊர் அவளை மடத்தம்மா என்றுதான் சொல்லும். கல்லுடைக்கிற வீட்டில் பிறந்தவள். கல்லுடைக்கிறவனுக்கே வாழ்க்கைப்பட்டு, அவன் இருமி இருமி ஓய்ந்த பிறகு மலையேறி வந்து அங்கேயே தங்கிவிட்டவள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் உளி இறங்கின மாதிரி இருக்கும்.

அவளுக்கு ஒரு சீடன் உண்டு. அனுமந்தன் என்று பெயர், கல் குவாரியில் மேஸ்திரி. அவளைவிட வயதில் மூத்தவன். அவன் அவளை அம்மா என்பான். அவள் அவனை அண்ணா என்பாள். குருவுக்குச் சீடன் அண்ணனாக இருப்பதைப் பார்த்து ஊரில் கேலி செய்தார்கள். தலை நரைத்த பிறகு அரிச்சுவடியா மேஸ்திரி என்று கேட்டார்கள். உங்களுக்கு நரைத்தும் வராத புத்தி எனக்கு நரைத்த பிறகாவது வந்ததே என்று அவன் திருப்பிக் கொடுத்தான்.

ஒரு பிற்பகலில் அனுமந்தன் மடத்துக்கு ஏறி வந்தான். ஒரு காலத்தில் கம்ப்ரசர் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி ஏறின பாதை. இன்றைக்கு வளைவுக்கு வளைவு நின்றான். நின்ற இடத்திலெல்லாம் பாறையைப் பிடித்துக்கொண்டு, யாரோ தன்னைத் துரத்துகிற மாதிரி மூச்சு வாங்கினான். கையில் ஒரு பெரிய காகித உறை. உள்ளே நெஞ்சுப் படம்.

மடத்தம்மா அடுப்பில் உலை வைத்திருந்தாள். அவன் மூச்சு சமப்படும் வரை அவள் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

பிறகு அவனாகவே சொன்னான். காசநோய் என்று சொல்லி இரண்டு தடவை மாத்திரை முழுசாகத் தின்று தீர்த்தாயிற்று. இருமல் போகவில்லை. இந்தத் தடவை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனான். அங்கே இருந்த டாக்டரம்மா சளியைப் பார்த்துவிட்டு, கிருமி இல்லையே என்றாள். பிறகு இத்தனை வருஷத்தில் எந்த டாக்டரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டாள். என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டாள். சொன்னான். அவள் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். கல் தூசி நெஞ்சுக்குள்ளே போய்ப் படிந்து தழும்பாகிவிட்டது, தழும்பை எடுக்க மருந்து கிடையாது, இனி அந்தத் தூசியில் ஒரு நாழிகைகூட நிற்காதே என்றாள். துண்டு கட்டிக்கொண்டுதானே நின்றேன் என்றான் இவன். கண்ணுக்குத் தெரிகிற தூசியைத்தான் துண்டு பிடிக்கும், ஆளைக் கொல்கிறது கண்ணுக்குத் தெரியாத தூசி என்றாள் அவள்.

"வழியில முதலாளியைப் பார்த்தேம்மா. படத்தைக் காட்டினேன். தலையில எழுதினதை யாரு மாத்த முடியும் மேஸ்திரி, விதின்னு நினைச்சுக்கோன்னார். தினம் சாயங்காலம் குடுக்கிற வெல்லத்தை ஒழுங்காத் தின்னிருந்தா தூசி வயித்தோட இறங்கியிருக்கும்னார். எனக்கு ஒண்ணும் புரியலை. இது விதியா, இல்லையா?"

மடத்தம்மா ஊதுகுழலை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"அடுப்பை ஊது அண்ணா."

அவன் ஊதினான். காற்று போகவில்லை. குழலைத் திருப்பிக் கண்ணில் வைத்துப் பார்த்தான். உள்ளே சாம்பல் ஏறி இறுகிப்போயிருந்தது.

"அடைச்சிருக்கும்மா."

அவள் அடுக்குப்பானையிலிருந்து ஒரு வெல்ல அச்சை எடுத்தாள். கொதிக்கிற உலையில் போட்டாள்.

"இப்ப ஊது."

அனுமந்தன் அவளைப் பார்த்தான். உலையைப் பார்த்தான். கையிலிருந்த குழலைப் பார்த்தான்.

"பானையில வெல்லம் போட்டா குழல் எப்படிம்மா சுத்தமாகும்? பானை வேற, குழல் வேற."

"அது உனக்கே தெரியுதே."

அவன் சிரிக்கத்தான் போனான். சிரிப்பு இருமலாக மாறி அவனை இரண்டாக மடக்கிப் போட்டது. நிமிர்ந்தபோது கண்ணில் நீர் நின்றது. இருபது வருஷமாக நாலு மணி ஆனால் வரிசையில் நின்று கை நீட்டி வாங்கின வெல்லம். கும்பிட்டு வாங்கின வெல்லம். வெல்லம் கொடுக்கிற முதலாளி என்று சுற்றுவட்டாரக் குவாரிகளில் பேர் வாங்கிக் கொடுத்த வெல்லம்.

வெல்ல வாசம் அடித்த சோற்றை அவள் வடித்து வைத்தாள். அவன் எழுந்து போகவில்லை. கேட்க வந்தது அது மட்டுமில்லை.

வெள்ளிக்கிழமை நாகுமலையில் புதுப் பாறை திறக்கிறார்கள். அவன் மகளைக் கட்டியவன் திம்மராயன், இதுவரை டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவன், அன்றைக்குத்தான் முதல் முதலாகத் துளை மிஷினைப் பிடிக்கப்போகிறான். கூலி அதிகம், மாமா பேர் சொல்ல வேண்டாமா என்று அவனாகவே கேட்டு வாங்கின வேலை. அந்த மலைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதுப் பாறையில் விழுகிற முதல் துளையின் பொடியை மேஸ்திரி எடுத்து, வேலைக்கு இறங்குகிற ஒவ்வொருவன் நாக்கிலும் ஒரு கிள்ளு வைக்க வேண்டும். கல் நம்மைத் தின்பதற்கு முன்னால் நாம் கல்லைத் தின்றுவிட வேண்டும் என்பது கணக்கு. தின்றவனைக் கல் தொடாது என்பது நம்பிக்கை. தின்றவர்களில் பாதிப் பேர் சுடுகாட்டில் இருக்கிறார்கள் என்பது யாரும் பேசாத விஷயம்.

"திம்மராயன் நாக்குல நான் வைக்கணும்மா. என் கையால."

மடத்தம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலையில வாசல் பெருக்கறதுக்கு முன்னால உன் வீட்டுல என்ன செய்வாங்க?"

"தண்ணி தெளிப்பாங்க."

"எதுக்கு?"

"தூசி எழும்பாம இருக்க."

சொல்லிவிட்டு அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பிறகு யாரோ தன்மேல் குற்றம் சொன்னது போல அவசர அவசரமாகக் காரணங்களை அடுக்கினான். தண்ணீர் விட்டுத் துளை அடித்தால் துளைக்கம்பி சிக்கிக்கொள்ளும் என்று சூப்பர்வைசர் சொல்வார். வேலை இழுக்கும். மலைமேல் தண்ணீருக்கு எங்கே போவது. அதுவும் போக, தூசிக்குப் பயந்தவன் கல்லுடைக்க ஏன் வந்தான், வளையல் விற்கப் போக வேண்டியதுதானே என்று கூட வேலை செய்கிறவனே சிரிப்பான். இந்தக் கேலியைத் தானும் பல பேரைப் பார்த்துப் பேசியிருப்பது நினைவுக்கு வந்ததும் குரல் இறங்கியது.

"மலைமேல சொட்டுத் தண்ணிகூடக் கிடையாதா?"

"டேங்கர் வரும்மா. தினமும் வரும். ஆனா அது வேலைக்கு இல்லை. கல்லைக் குளிப்பாட்ட."

"புரியலை."

அவன் விளக்கினான். வெட்டியெடுத்த கல்லெல்லாம் தூசி மூடி ஒரே சாம்பல் நிறமாக இருக்கும். வாங்க வருகிற வெளியூர்க்காரர்களுக்கு உள் நிறம் தெரிய வேண்டும். அதற்காக ஒவ்வொரு கல்லையும் குழாய் வைத்துக் கழுவுவார்கள். சில நாள் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை.

மடத்தம்மா அடுப்பிலிருந்து கொள்ளியை வெளியே இழுத்தாள்.

"வெள்ளிக்கிழமை முதலாளிக்கு நாற்காலி எங்க போடுவீங்க?"

"பந்தல்ல. காத்துக்கு மேல்பக்கமா. தள்ளி."

"கிட்டப் போடு. மிஷின் பக்கத்துல. நானும் வரேன்."

அனுமந்தனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மடத்துக்கு மாதாமாதம் மூட்டையாக வருகிற அரிசி முதலாளி ரத்தினசபாபதி அனுப்புவது. பாறைத் திறப்புக்கு வந்து ஆசீர்வாதம் செய்யச் சொல்லி மடத்தம்மாவை அழைத்திருப்பவரும் அவர்தான். அதை அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அரிசி அவருது அண்ணா," என்றாள் அவள். "வாய் என்னுது."

வெள்ளிக்கிழமை மலைமேல் நல்ல கூட்டம். வேலைக்காரர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் பாறையைச் சுற்றி நின்றார்கள். சேவல் அறுத்தாயிற்று. கற்பூரம் காட்டியாயிற்று. ரத்தினசபாபதி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கினார். நாற்காலி பந்தலில் இல்லாததைப் பார்த்து முகம் சுளித்தார். மலையைத் திறக்கிறவர் மலைக்குப் பக்கத்தில் இருப்பதுதான் முறை என்று மடத்தம்மா சொன்னாள். கூட்டத்துக்கு அது பிடித்திருந்தது. கூட்டத்துக்குப் பிடித்தது முதலாளிக்கும் பிடித்துப்போனது. உட்கார்ந்து, மேல்துண்டை மடியில் சரிசெய்துகொண்டார்.

திம்மராயன் மிஷினைப் பாறையில் நிறுத்தி, உடம்பால் அழுத்தினான். கம்ப்ரசர் அலறியது. துளையிலிருந்து வெள்ளையாகப் பொடி பீய்ச்சிக்கொண்டு கிளம்பியது. ஒரு நிமிஷத்தில் அவன் புருவம் நரைத்தது. முதலாளியின் சட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை, அது முதலிலேயே வெள்ளை. ஆனால் அவர் மூக்கைப் பொத்தினார். பிறகு வாயை. பிறகு கைக்குட்டையை உதறி முகம் முழுக்க மூடிக்கொண்டு, நாற்காலியை நகர்த்தச் சொல்லிக் கையை ஆட்டினார். எழுந்திருக்கப் போனார்.

மடத்தம்மா குனிந்து அவர் காதருகே சொன்னாள், ஆனால் சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படி.

"முதல் துளை முடியற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாதுங்க. சாமி குத்தம்."

அவர் மறுபடி உட்கார்ந்தார். இருமினார். கண்ணைக் கசக்கினார். கடைசியில் பொறுக்க மாட்டாமல், கம்ப்ரசர் சத்தத்துக்கு மேலே குரல் எழுப்பினார்.

"டேய், தண்ணி ஊத்தி அடிங்கடா. மனுஷன் உட்கார வேணாமா?"

திம்மராயன் மிஷினை நிறுத்தினான். கம்ப்ரசரை யாரோ அணைத்தார்கள். மலைமேல் அவ்வளவு அமைதியை அந்த ஆட்கள் கேட்டதே இல்லை. நூறு ஆள் அங்கே நின்றார்கள். நூறு பேருக்கும் ஒரே விஷயம் ஒரே நேரத்தில் விளங்கியது. இவருக்குத் தெரியும். எப்போதும் தெரிந்தே இருந்தது.

கல் கழுவுகிற டேங்கர் பக்கத்தில்தான் நின்றது. யாரும் உத்தரவு கேட்கவில்லை. குழாயை இழுத்து வந்து துளையில் விட்டார்கள். திம்மராயன் மறுபடி அடித்தான். பொடி எழும்பவில்லை. துளையிலிருந்து சாம்பல் நிறத்தில் சேறு வழிந்து பாறையில் இறங்கியது. கம்பி சிக்கவும் இல்லை. துளை முடிந்தது.

இனி மேஸ்திரியின் முறை. தண்ணீர் வருவதற்கு முன் விழுந்திருந்த காய்ந்த பொடியில் ஒரு கிள்ளு எடுத்தான் அனுமந்தன். ஆட்கள் வழக்கம்போல வரிசை கட்டினார்கள். முதலில் திம்மராயன் நின்று நாக்கை நீட்டினான்.

அனுமந்தன் அவனைத் தாண்டி நடந்தான். முதலாளி முன்னால் போய் நின்றான்.

"முதல் கிள்ளு உங்களுக்குத்தாங்க. கல்லு உங்களுது."

ரத்தினசபாபதி முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார். சிரித்து மழுப்பப் பார்த்தார். தனக்குச் சர்க்கரை இருக்கிறது என்றும், கண்டதையும் வாயில் போடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதாகவும் சொன்னார்.

"எங்க டாக்டரும் அதையேதாங்க சொன்னாங்க."

அனுமந்தன் விரலைப் பிரித்தான். பொடி கீழே விழுந்தது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். அன்றைக்கு அந்த மலையில் யார் நாக்கிலும் கல்பொடி ஏறவில்லை.

முதலாளி காரில் ஏறிப் போன தூசி அடங்குவதற்குள் சூப்பர்வைசர் வந்து டேங்கர் குழாயை மூடினார். திங்கட்கிழமை கல் வாங்க ஆள் வருகிறார்கள், கழுவவே தண்ணீர் போதாது, எல்லாரும் பழையபடி அடியுங்கள் என்றார். மிஷின்கள் எழவில்லை. தண்ணீர் ஊற்றி அடிக்கச் சொன்னது முதலாளியின் வாய், அவர் சொன்னபடிதான் அடிப்போம் என்றார்கள். அது அவர் இங்கே உட்கார்ந்திருந்ததற்காகச் சொன்னது என்றார் சூப்பர்வைசர்.

"அப்ப அவரைத் தினமும் வந்து உட்காரச் சொல்லுங்க," என்றான் திம்மராயன். "அவர் உட்கார்ந்திருந்தா நாங்க தண்ணி இல்லாமலே அடிக்கிறோம்."

பெண்கள் பக்கத்திலிருந்துதான் முதலில் சிரிப்பு கிளம்பியது. அது ஆட்களிடம் பரவி, மலைமுழுக்க உருண்டது. சூப்பர்வைசர் போன் செய்யக் கீழே இறங்கினார்.

ஆட்கள் டேங்கரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வேலைக்கும் போகவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. மறுநாளும் அப்படியே. கல்லெல்லாம் கழுவாமல் சாம்பல் பூசிக்கொண்டு கிடந்தன. பாதி வீட்டில் அடுப்பு எரியவில்லை. மடத்திலிருந்த அரிசியை மடத்தம்மா சொச்சமில்லாமல் நாகுமலைக்கு அனுப்பிவிட்டாள். அவர் அரிசியைத் தின்றுகொண்டே அவரோடு மல்லுக்கு நிற்கிறோம் என்று ஒருவன் சொன்னான். அந்த அரிசி யார் வேர்வையில் விளைந்தது என்று இன்னொருவன் கேட்டான்.

சாயங்காலம் ரத்தினசபாபதியே வந்தார். இந்தத் தடவை நாற்காலி கேட்கவில்லை. நின்றபடி பேசினார். வெல்லம் கொடுத்த கை என்றார். நன்றி கெட்டவர்கள் என்றார். வேறு ஜில்லாவிலிருந்து ஆள் இறக்க ஒரு போன் போதும் என்றார். இறக்குவார். இதற்கு முன்னால் இறக்கியிருக்கிறார்.

அனுமந்தன் எழுந்தான். எழுந்து நிற்பதே அவனுக்கு ஒரு வேலையாக இருந்தது. உறையிலிருந்து படத்தை எடுத்து, சாய்கிற வெயிலுக்கு நேராகப் பிடித்தான். விலா எலும்புகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகத் தூசி இறைத்திருந்தது எல்லாருக்கும் தெரிந்தது.

"இறக்குங்க. லாரியை விட்டு இறங்குற ஒவ்வொருத்தனுக்கும் இதைக் காட்டுறேன். அவங்க மொழி எனக்குத் தெரியாது. தெரிய வேணாம். அவங்களுக்கும் நெஞ்சு இருக்கு."

முதலாளி படத்தைப் பார்க்கவில்லை. கழுவாத கற்களைப் பார்த்தார். நாளை மறுநாள் திங்கட்கிழமை.

திங்கட்கிழமை காலையில் டேங்கர் இரண்டாக வந்தது. ஒன்று கல்லுக்கு, ஒன்று துளைக்கு. ஆட்களின் ஆரோக்கியத்தில் அக்கறை கொண்டு நிர்வாகமே எடுத்த முடிவு என்று சூப்பர்வைசர் அறிவித்தார். ஆட்கள் அதற்குக் கைதட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மிஷினை எடுத்தார்கள். சாயங்காலம் வெல்லம் வந்தபோது யாரும் வரிசையில் நிற்கவில்லை. தட்டில் ஈ மொய்த்தது.

மடத்துக்கு வரும் அரிசி நின்றுபோனது. அனுமந்தனுக்கு இனி வேலை இல்லை என்றார்கள். டாக்டர் சொன்னதைத்தான் சொல்கிறோம் என்று அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார்கள். திம்மராயனும் மற்றவர்களும் தண்ணீருக்குப் போராடியது போல மேஸ்திரியின் நஷ்டஈட்டுக்கும் உட்காரலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மறுபடி உட்காரத்தான் வேண்டும் என்று முடிவாயிற்று.

அதைச் சொல்லத்தான் அனுமந்தன் மறுபடி மலையேறி வந்தான். முன்னைவிட அதிக இடங்களில் நின்றான். மடத்தம்மா கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். துளையிலிருந்து இப்போது சேறுதான் வருகிறது, மருமகன் தும்மாமல் வீட்டுக்கு வருகிறான் என்று சொன்னபோது மட்டும் அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

அவள் முறத்திலிருந்த உமியை ஊதித் தள்ளினாள்.

"அம்மா, என் நெஞ்சுல இருக்கிறது இறங்குமா?"

"இறங்காது."

கொஞ்சம் பொய் சொல்லியிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது. அவள் பொய் சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன் என்றும் தோன்றியது.

"வேலை போச்சு. மூச்சும் போகப்போகுது. இந்தச் சண்டையில எனக்குன்னு என்னம்மா மிச்சம்?"

மடத்தம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"என் புருஷன் செத்தப்ப விதின்னு சொல்லிட்டு எல்லாரும் கை கழுவிட்டுப் போனாங்க அண்ணா. உன் சாவை அப்படிச் சொல்ல இனிமே ஒருத்தனாலயும் முடியாது. நீ எதுனால செத்தேன்னு கேட்டா, அவங்க ஒரு ஆளோட பேரைச் சொல்லியே ஆகணும்."